கடைசிச் சூட்டுக்கு முன் ஒரு டீ

அவன்: …முதமுதல்ல சங்கத்துக்குப் போன அன்னைக்கு மழை பெஞ்சுதா இல்லையான்னே இப்ப சந்தேகமா இருக்கு. பெஞ்ச மாதிரிதான் ஞாபகம். ஆனா என் ஞாபகத்துல பாதி நடந்தது, பாதி நானா சேர்த்துக்கிட்டதோன்னு தோணுது.

அவள்: மழையெல்லாம் இல்லைங்க. குடை எடுத்துட்டுப் போனீங்க, அவ்வளவுதான். அதையும் சங்கத்துலயே விட்டுட்டு வந்தீங்க.

அவன்: அப்ப மழைன்னு ஆரம்பிக்க வேண்டாங்கிற.

அவள்: புதுசா சேர வர்றவங்ககிட்ட மழையைப் பத்தி எதுக்கு? ‘சங்கத்துல சேர்ந்தா தொழிலுக்கு என்ன லாபம்’, அதைப் பேசத்தானே உங்களைக் கூப்பிட்டிருக்காங்க. நில்லுங்க, பட்டன் மாத்திப் போட்டிருக்கீங்க.

அவன்: எனக்கு மேடைன்னாலே வாய் ஒட்டிக்குது. நான் அடுத்தவங்க வாய்க்கு வேலை செய்யறவன். என் வாய் எனக்கு உதவாது.

அவள்: இதையே முதல்ல சொல்லுங்க. பல் கட்டறவங்க கூட்டம், நல்லா சிரிப்பாங்க.

அவன்: செயலாளர் சிரிப்பாரா?

அவள்: அவர் எப்ப சிரிச்சாரு. ஊருக்கெல்லாம் பல்செட் பண்ணிக் குடுத்துட்டு, தன் பல்லை மட்டும் பூட்டி வச்சிருக்கற மனுஷன்… டீயை எடுத்துக்கங்க. சூடா இருக்கு, பாத்து.

அவன்: குடு.

அவள்: என்னங்க… ஒரே மடக்குல குடிச்சிட்டீங்க?

அவன்: ஏன், குடிக்கக் கூடாதா?

அவள்: இல்ல, ஒரு டம்ளர் டீயைக் கையில வச்சுக்கிட்டு வாசலுக்கும் மாடிப்படிக்கும் ஊர்வலம் போற ஆளு நீங்க. ஆடை படிஞ்சு, ஈ வந்து எட்டிப் பாத்துட்டுப் போனப்புறந்தான் டம்ளர் திரும்பி வரும்.

அவன்: இன்னைக்கு வீட்டு லேப்ல வேலை இல்லையே.

அவள்: அதுக்கும் டீக்கும் என்ன சம்பந்தம்?

அவன்: … ஒண்ணும் இல்ல. கேளு, பேசிக் காட்டறேன். ‘எல்லாருக்கும் வணக்கம். நான் சங்கத்துல சேர மாட்டேன்னு ரொம்ப நாள் பிடிவாதமா இருந்தவன்.’

அவள்: பிடிவாதம்னு நாசூக்கா சொல்லாதீங்க. என்ன சொன்னீங்கன்னு எனக்கு ஞாபகம் இருக்கு. ‘பிஸ்கட்டை நனைச்சுத் தின்னுட்டு ஒருத்தன் முதுகை ஒருத்தன் சொறியற கூட்டம்.’

அவன்: அதை மேடையில சொல்ல முடியுமா?

அவள்: சொல்லுங்க. பிஸ்கட் வாங்கறதே செயலாளர்தான். அப்பவாவது முகத்துல ஏதாவது அசையுதான்னு பாப்போம்.

அவன்: ‘சேர்ந்த பிறகு எனக்குக் கிடைச்சது என்னன்னா… ஒண்ணு, பயிற்சி. பல்லு சுடற புது ஃபர்னஸை எப்படி ஓட்டறதுன்னு எனக்கு எந்தக் கம்பெனிக்காரனும் சொல்லித் தரல. சங்கத்துலதான் கத்துக்கிட்டேன். ரெண்டாவது, ஆஸ்பத்திரி ஆர்டர். தனி ஆளா போய் நின்னப்போ வாட்ச்மேனே உள்ள விடல. சங்கத்து உறுப்பினர்னு சொன்னதும் நாற்காலி போட்டாங்க.’

அவள்: நாற்காலி போடல. பெஞ்சுல உக்காருங்கன்னாங்க.

அவன்: உக்காரச் சொன்னாங்கல்ல.

அவள்: சரி, நாற்காலியே இருக்கட்டும். அடுத்து கையைச் சொல்லுங்க. அதைச் சொல்லாம விட்டீங்கன்னா நான் எந்திரிச்சு வந்து சொல்லிடுவேன்.

அவன்: சொல்லாம இருப்பேனா… பாத்ரூம்ல வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைஞ்சப்போ, மேசை நிறைய ஆளுங்களோட வாய் அச்சு காத்துக்கிட்டு இருந்துச்சு. எத்தனை பேரு பல்லு இல்லாம நம்மளை நம்பி கஞ்சி குடிச்சுக்கிட்டு இருந்தாங்களோ.

அவள்: மறுநாள் காலையில சங்கத்துல இருந்து மெழுகு அண்ணன் வந்து நின்னாரு. கதவைத் திறந்தா, கையில ஒரு காலி அட்டைப்பெட்டி. ‘தங்கச்சி, பாதியை இதுல போடு’ன்னாரு. மீதியை இருமல் அண்ணன் வந்து எடுத்துட்டுப் போனாரு. மாடி ஏறி வர்றதுக்குள்ள அவர் இருமின இருமல்ல பக்கத்து வீட்டுக்காரம்மா தண்ணி கொண்டு வந்தாங்க.

அவன்: எல்லாத்தையும் முடிச்சு, நம்ம லேப் பேர் போட்ட டப்பாவுல வச்சு, டாக்டருங்க கிட்ட அவங்களே கொண்டு போய்க் குடுத்துட்டு வந்தாங்க. ஒருத்தர்கூட ‘இது நான் பண்ணது’ன்னு வாயைத் திறக்கல.

அவள்: அன்னைக்கு நான் சமையல்கட்டுல நின்னு அழுதேன். உங்களுக்குத் தெரியாது.

அவன்: தெரியும்.

அவள்: எப்படி?

அவன்: குழம்புல உப்பு ரெண்டு தடவை விழுந்திருந்துச்சு.

அவள்: கட்டுப் போட்ட கையோட அதையும் கவனிச்சீங்களா?

அவன்: கைக்குத்தானே கட்டு. நாக்குக்கு இல்லையே… அடுத்தது அந்த மேசை.

அவள்: அதை விளக்கமா சொல்லுங்க. புது ஆளுங்களுக்குத் தெரியாது.

அவன்: ‘நம்ம சங்கத்துல ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு கூட்டத்துக்கும் அவங்கவங்க கெட்டுப்போன வேலை ஒண்ணைக் கொண்டு வந்து நீள மேசையில வைக்கணும். பொருந்தாத செட்டு, விரிசல் விட்ட கேப், டாக்டர் திருப்பி அனுப்பினது. எல்லாரும் சுத்தி நின்னு எங்க தப்பு, ஏன் தப்புன்னு பேசுவாங்க. யாரும் யாரையும் கேலி பண்ணக் கூடாது. வெறுங்கையோட வந்தா உள்ள இடம் இல்ல.’

அவள்: நீங்க முதல் நாள் என்ன பண்ணீங்க?

அவன்: சொல்லத்தான் வேணுமா?

அவள்: அதுதாங்க உங்க பேச்சுலயே நல்ல இடம்.

அவன்: ‘முதல் நாள் எனக்கு மனசு வரல. நாலு பேர் முன்னாடி கெட்டதைக் காட்டவான்னு, இருக்கறதுலயே என் நல்ல வேலையைக் கொண்டு போய் வச்சேன். பீங்கான்ல முன்பல்லு நாலு. பாத்துட்டு வாயடைச்சுப் போவாங்கன்னு நினைச்சேன்.’

அவள்: வாயை அடைச்சாங்களா?

அவன்: மூடவே இல்ல. இது கெட்ட வேலைன்னு நம்பி ஆளுக்கு ஒரு தப்பு கண்டுபிடிச்சாங்க. ஓரம் தடிப்பு. கடி உசரம். நடுக்கோடு சாய்ஞ்சிருக்கு. மெழுகு அண்ணன் என் தோளைத் தட்டி, ‘பரவாயில்ல தம்பி, நாங்களும் ஆரம்பத்துல இப்படித்தான்’னாரு.

அவள்: நீங்க வீட்டுக்கு வந்த முகம் இருக்கே… பல்லைப் பிடுங்கிக்கிட்டவன் மாதிரி தாடையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்க. சாப்பிடக் கூப்பிட்டா, ‘எனக்குத் தொழிலே தெரியாதும்மா’ன்னீங்க.

அவன்: அது தப்பைச் சொன்னதால வந்த முகம் இல்ல. கண்ணாடி அக்காவால வந்தது.

அவள்: அக்காவை எதுக்கு இழுக்கறீங்க?

அவன்: எல்லாரும் பேசி முடிக்கற வரைக்கும் அவங்க ஒண்ணும் பேசல. நெத்தியில ஏத்தி வச்சிருந்த பூதக்கண்ணாடியை இறக்கிப் பாத்தாங்க. அந்தப் பல்லை எடுத்துட்டு ஜன்னல்கிட்ட போனாங்க. என்னையும் கூப்பிட்டு, பக்கத்துல பல்லு நிறம் பாக்கற ஷேடு கார்டுல இருந்து ஒண்ணை எடுத்து வச்சு, ‘தம்பி, இது ரெண்டும் உங்களுக்கு ஒரே நிறமா தெரியுதா?’ன்னாங்க. ஆமான்னேன்.

அவள்: போதும் விடுங்க. இதையுமா மேடையில சொல்லப் போறீங்க?

அவன்: மேசையைச் சுத்தி அவ்வளவு பேர் இருந்தாங்க. இருமல் அண்ணன்கூட இருமல. அப்பதான் எனக்கே புரிஞ்சுது. டாக்டருங்க திருப்பி அனுப்பினப்ப எல்லாம் கிளினிக் லைட்டு சரியில்லைன்னு சண்டை போட்டேன். என் கண்ணுக்குச் சிவப்பு பிடிபடலைன்னு அதுவரைக்கும் எனக்குத் தெரியாது.

அவள்: ஒரு டாக்டர் சொன்னது எனக்கு மறக்கவே மறக்காது. ‘பேஷண்ட் சிரிச்சா ஈறு எது, பல்லு எதுன்னு தெரியல சார்.’

அவன்: பாவம் அந்த ஆளு. ரோஜாப்பூ மாதிரி பல்லு குடுத்திருக்கேன்.

அவள்: அக்காதான் ‘இது கண்ணோட அமைப்பு, யார் தப்பும் இல்ல’ன்னு சொல்லி, எண் வச்சு வேலை பண்ற முறையைக் கத்துக் குடுத்தாங்களே. அதைச் சொல்லி முடிச்சிருங்க. ‘பொடி டப்பாவுக்கெல்லாம் எண் போட்டேன், அளந்து கலந்தேன், அதுக்கப்புறம் ஒரு வேலைகூட நிறம் சரியில்லைன்னு திரும்பி வரல. எல்லாம் சங்கத்தால. நன்றி வணக்கம்.’ கைதட்டுவாங்க, கீழே இறங்கிடலாம்.

அவன்: அங்கதான் எனக்குத் தடுக்குது.

அவள்: என்ன தடுக்குது?

அவன்: நேத்து ஒருத்தர் போன் பண்ணாரே, இன்னைக்குப் புதுசா சேரப் போறவர். அவருக்கும் என் மாதிரியே கண்ணு.

அவள்: அய்யோ.

அவன்: எங்கேயோ லேப்ல சம்பளத்துக்கு இருக்காரு. அங்க நிறம் தீட்டற வேலையை வேற ஆளு பண்றதால இதுவரைக்கும் ஓடிடுச்சு. இப்ப வேலையை விட்டுட்டுத் தனியா லேப் போடப் போறாராம். ‘சார், உங்க எண் முறையை நம்பித்தான் இறங்கறேன், நீங்களே இத்தனை வருஷமா பண்றீங்களே’ன்னாரு. குரல்ல அவ்வளவு சந்தோஷம்.

அவள்: ஏங்க… எண் முறை நல்ல முறைதானே.

அவன்: நல்ல முறைதான். வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போகும். உள்ள நுழைய, கடைசிப் பூச்சுக்குக் கண்ணு வேணும். அதுக்கு எண் கிடையாது.

அவள்: உங்களுக்குச் சரியா வந்துச்சுல்ல.

அவன்: வந்துச்சா?

அவள்: வந்துச்சே. ஆஸ்பத்திரி டாக்டரம்மா உங்க ஷேடைப் பத்தி எல்லார்கிட்டயும் பெருமையா சொல்றாங்களே. இன்னைக்கு அவங்கதானே விருந்தாளி. முன் வரிசையில உக்காந்திருப்பாங்க. அவங்க முன்னாடி போயி கண்ணு, சிவப்புன்னு… வேண்டாங்க. சங்கத்து ஆளுங்களுக்குத் தெரியறது வேற, டாக்டருங்க காதுக்குப் போறது வேற. நிறம் தெரியாத ஆளுக்கு யாராவது முன்பல்லு வேலை குடுப்பாங்களா? அந்த ஆர்டர் போச்சுன்னா நாம என்ன பண்றது?

அவன்: அந்த மனுஷன் வேலையை விட்டுட்டு நடுத்தெருவுல நின்னா?

அவள்: அவரைத் தனியா கூப்பிட்டுச் சொல்லுங்க. ‘யோசிச்சுப் பண்ணுங்க’ன்னு.

அவன்: ஏன்னு கேட்டா? ‘நீங்க பண்றீங்களே, நான் ஏன் பண்ணக் கூடாது’ன்னு கேட்டா என்ன சொல்லட்டும்?

அவள்: … உங்க கைராசின்னு சொல்லுங்க.

அவன்: கைராசிதான். யாரோட கைன்னு சொல்லணும்ல.

அவள்: … சட்டைக் காலர் மடிஞ்சிருக்கு. இப்படித் திரும்புங்க.

அவன்: நீ உன் தங்கச்சி பிரசவத்துக்குப் போயிருந்தப்போ நான் ஒரு கேப் பண்ணினேன், தெரியுமா?

அவள்: எது?

அவன்: அது திரும்பி வந்துச்சு. மறுபடியும் ரோஜாப்பூ. டாக்டரே போன் பண்ணி, ‘என்ன சார், உடம்பு சரியில்லையா?’ன்னு விசாரிச்சாரு. உன்கிட்ட சொல்லல. இன்னைக்கு மேசைக்கு அதைத்தான் எடுத்துட்டுப் போறேன். சட்டைப்பையில இருக்கு.

அவள்: அதை எதுக்குங்க எடுத்துட்டுப் போறீங்க?

அவன்: பேச்சோட கடைசிப் பகுதியை இன்னும் உன்கிட்ட சொல்லல. மனசுலயே வச்சிருக்கேன். சொல்லட்டுமா?

அவள்: … சொல்லுங்க.

அவன்: ‘அன்னைக்கு அந்த மேசையைச் சுத்தி நின்னவங்க இப்ப எங்கன்னு கேட்பீங்க. மெழுகு அண்ணன் மகளோட வெளிநாடு போயிட்டாரு. போன உடனே அங்க இருக்கற சங்கத்துல சேர்ந்துட்டாரு. மொழி தெரியலையாம், ஆனா மேசையில பல்லை வச்சா எல்லாரும் பேசறது புரியுதாம். இருமல் அண்ணனை நாங்கதான் இழுத்துட்டுப் போய் நெஞ்சுப் பரிசோதனை பண்ண வச்சோம். பீங்கான் தூசி. தொழிலை விட்டுட்டாரு. இப்ப நாத்துப் பண்ணை வச்சிருக்காரு. இருமல் இல்ல, பேர் மட்டும் ஒட்டிக்கிச்சு. செயலாளர் இன்னும் செயலாளராத்தான் இருக்காரு. இன்னும் சிரிக்கல.’

அவள்: இதைச் சொன்னீங்கன்னா அடுத்த கூட்டத்துக்குப் பிஸ்கட் கிடையாது.

அவன்: ‘கண்ணாடி அக்காவுக்குக் கண்ணுல புரை. ஷேடு பாக்கற வேலையை எல்லாம் இப்ப என் வீட்டுக்குத்தான் அனுப்பறாங்க.’

அவள்: உங்களை நம்பி அனுப்பறாங்க. சொல்லிக்க வேண்டியதுதானே.

அவன்: ‘என்னை நம்பி இல்ல. சிவப்பு தெரியாதவன்னு முதல்ல கண்டுபிடிச்சவங்களே எனக்கு எதுக்கு அனுப்பணும்? இத்தனை வருஷமா டாக்டருங்க பாராட்டின நிறம் என்னோடது இல்ல. பல்லோட உருவம் என்னுது. உயிர் என் வீட்டுக்காரியோடது. நான் ஃபர்னஸ்ல வைக்கற கடைசிச் சூட்டுக்கு எடுத்து வச்சுட்டுப் போனதும், பிரஷ்ஷை எடுத்து நிறத்தைத் திருத்தினது அவங்கதான். எண் முறையை நம்பி யாரும் தனியா இறங்காதீங்க. பக்கத்துல ஒரு நல்ல கண்ணைத் தேடிக்கங்க. அதைத் தேடறதுக்குத்தான் சங்கம். இன்னைக்குப் புதுசா சேர்றவங்கள்ல அவங்களும் ஒருத்தர். முன்மொழிஞ்சது கண்ணாடி அக்கா, வழிமொழிஞ்சது நான்.’ அவ்வளவுதான்.

அவள்: அக்கா உங்ககிட்ட சொல்லிட்டாங்களா?

அவன்: அவங்க சொல்லல. எண் முறையைச் சொல்லிக் குடுக்க வீட்டுக்கு வந்தப்ப சமையல்கட்டுல உன்கிட்ட என்னமோ குசுகுசுன்னாங்க. உப்பு, புளி பத்திப் பேசலைன்னு மட்டும் தெரிஞ்சுது.

அவள்: ‘அவரு மனசு உடைஞ்சிரும். கேட்காம பண்ணு, தெரியாம பண்ணு’ன்னாங்க. பிரஷ்ஷைப் பிடிக்கறதுக்கு அவங்க வீட்டுக்குப் போய்த்தான் கத்துக்கிட்டேன். மார்க்கெட்டுக்குன்னு உங்ககிட்ட சொல்லிட்டுப் போவேன்.

அவன்: தெரியும். காய் இல்லாம மார்க்கெட்ல இருந்து திரும்பி வர்ற ஆளை உலகத்துலயே உன்னைத்தான் பாத்திருக்கேன்.

அவள்: … டாக்டரம்மா எந்திரிச்சுப் போயிட்டாங்கன்னா?

அவன்: போனா போகட்டும். காலி அட்டைப்பெட்டியோட மெழுகு அண்ணன் வந்த வீடு இது. பட்டினி கிடக்க விட மாட்டாங்க. ஆனா அவங்க போக மாட்டாங்கன்னு நினைக்கிறேன். அவங்களுக்கு வேண்டியது நிறம். அது இந்த வீட்டுலதானே இருக்கு.

அவள்: நான் எப்படிங்க உறுப்பினர் ஆக முடியும்? வெறுங்கையோட போனா உள்ள இடம் இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க. என்னோட கெட்ட வேலைன்னு எதைக் கொண்டு போய் வைக்க? எல்லாத்துலயும் உங்க பேர்தானே இருக்கு.

அவன்: இழுப்பறையில பஞ்சுல சுத்தி வச்சிருக்கேன், எடுத்துக்க. நீ முதமுதல்ல தொட்டது.

அவள்: அது… அது தொலைஞ்சு போச்சுன்னு சொன்னீங்க.

அவன்: நாந்தான் ஒளிச்சு வச்சேன். டாக்டர் திருப்பி அனுப்பினது. ‘சிவப்பு போச்சு சார், இப்ப பூசணிப்பூ மாதிரி இருக்கு’ன்னாரு. எனக்குச் சிவப்புதாம்மா தெரியாது. மஞ்சள் நல்லாவே தெரியும். டீ குடிக்கப் போறப்ப வெள்ளையா இருந்த பல்லு, டீ குடிச்சிட்டு வந்து பாத்தா மஞ்சளா இருந்துச்சு.

அவள்: அப்ப… முதல் நாள்ல இருந்தே தெரியுமா?

அவன்: கடைசிச் சூட்டுக்கு வைக்கப் போறப்ப எல்லாம் கரெக்டா ஒரு டீ வருதேன்னு யோசிக்க மாட்டேனா?

அவள்: தெரிஞ்சிருந்தும் ஏங்க ஒரு வார்த்தை கேக்கல?

அவன்: கேட்டிருந்தா நீ வெக்கப்பட்டுப் பிரஷ்ஷைக் கீழே வச்சிருப்ப. நானும் வீராப்பா, ‘என் வேலையை நானே பாத்துக்கறேன்’னு சொல்லித் தொலைச்சிருப்பேன். ரெண்டு பேருக்கும் பசிதான் மிஞ்சியிருக்கும்… கிளம்பு. புடவை மாத்திட்டு வா. புது உறுப்பினர் முதல் நாளே லேட்டா போகக் கூடாது.

அவள்: இருங்க. இன்னொண்ணு கேக்கறேன். இன்னைக்கு டீயை எப்படி அவ்வளவு சூட்டோட ஒரே மடக்குல குடிச்சீங்க? ஆறினாத்தானே உங்களுக்குப் பிடிக்கும்?

அவன்: எனக்கு எப்பவும் சூடாத்தான் பிடிக்கும்.

அவள்: அப்ப இத்தனை வருஷமா எதுக்கு அந்த ஆறிப்போன டீயைக் கையில வச்சுக்கிட்டு வாசல்ல சுத்திட்டு இருந்தீங்க?

அவன்: நீ அவசரப்படாம முடிக்கணும்ல.